இயந்திரம் பழைய இரும்புக்கு; நூல் 48 லட்சத்துக்கு

புது தில்லி: மாநிலங்களவையில் 2025 பிப்ரவரி 11-ஆம் தேதி எழுந்த அமளிக்கு மசோதாவோ ஊழல் குற்றச்சாட்டோ காரணம் அல்ல, ஒரு புத்தகத்தில் உள்ள ஓவியங்கள்தான் காரணம். கடைகளில் இன்று விற்கப்படும் அரசியலமைப்புச் சட்டப் பிரதிகளில், மூலப் பிரதியில் இருந்த 22 ஓவியங்கள் இல்லை என்ற பிரச்னையை பாஜக உறுப்பினர் ராதா மோகன் தாஸ் அகர்வால் எழுப்பினார். அப்போது அவைத் தலைவராக இருந்த ஜகதீப் தன்கர், அரசியல் நிர்ணய சபையினர் கையொப்பமிட்ட, 22 ஓவியங்களுடன் கூடிய பிரதியே உண்மையான பிரதி என்று அறிவித்தார். அம்பேத்கரின் பெயரைச் சர்ச்சைக்குள் இழுக்கும் முயற்சி இது என்று எதிர்க்கட்சித் தலைவர் மல்லிகார்ஜுன கார்கே குற்றம்சாட்ட, எதிர்க்கட்சியினர் வெளிநடப்புச் செய்தனர்.

வழக்கமான பாதையில் சென்று முடிந்த விவாதம் அது. அடிப்படை உரிமைகள் பகுதியின் தலைப்பில் உள்ள இராமர், சீதை, இலக்குவன் படத்தைச் சுட்டுபவர்கள் அக்பர் படத்தைக் கடந்து போய்விடுகிறார்கள். திப்பு சுல்தானைச் சுட்டுபவர்கள் இராமரைக் கடந்து போகிறார்கள். சாந்திநிகேதனின் நந்தலால் போஸும் அவருடைய மாணவர்களும் இவர்கள் எல்லோரையும் ஒரே நூலில்தான் வரைந்து வைத்தனர்.

அந்த நூலை ஓவியங்களோடு முழுமையாக மத்திய அரசே ஒருமுறை அச்சிட்டது என்பதும், அச்சான பிரதிகள் 1,000 மட்டுமே என்பதும், அவற்றில் ஒன்று 2024 ஜூலையில் சாஃப்ரன்ஆர்ட் நிறுவனத்தின் ஏலத்தில் 48 லட்சம் ரூபாய்க்கு விலைபோனது என்பதும் பழைய கலை நூல்களைச் சேகரிப்போர் வட்டாரத்தில் அனைவரும் அறிந்த செய்தி. சட்ட நூல் என்று நாடு கருதும் ஒன்றை, சுதந்திர இந்தியா வெளியிட்ட ஆகச் சிறந்த ஓவிய நூல் என்று அவர்கள் கருதுகிறார்கள். இரண்டுமே தவறல்ல.

ஆயிரம் பிரதிகள்

அரசியலமைப்பின் ஆங்கில மூலத்தைக் கையால் எழுதியவர் தில்லியைச் சேர்ந்த பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா. எழுத்துக்கலை அவருக்குப் பாட்டனாரிடமிருந்து வந்த குடும்பக் கலை. கூலி எதுவும் வேண்டாம், ஒவ்வொரு பக்கத்திலும் தன் பெயரும், கடைசிப் பக்கத்தில் பாட்டனாரின் பெயரும் இடம்பெற்றால் போதும் என்று அவர் கேட்டுக்கொண்டார். அப்படியே செய்யப்பட்டது. எழுதி முடிக்க ஆறு மாதங்கள் ஆயின. இந்திப் பிரதியை வசந்த் கிருஷ்ண வைத்யா எழுதினார்.

படங்களுக்கு நந்தலால் போஸ் பொறுப்பேற்றார். காந்தியின் அழைப்பின் பேரில் 1938 ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்குச் சுவர்ப்படங்கள் வரைந்து தந்தவர் அவர். மொகஞ்சதாரோ முத்திரையின் காளையில் தொடங்கி, புத்தர், அசோகர், நடராஜர் படிமம், மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பம், அக்பர், சிவாஜி, குரு கோவிந்த் சிங், ஜான்சி ராணி, தண்டி யாத்திரை, நவகாளியில் காந்தி, நேதாஜி எனச் சென்று இமயமலை, பாலைவனம், கடல் என்று படவரிசை முடிகிறது. முகப்புரைப் பக்கத்தின் அலங்காரத்தைச் செய்தவர் நந்தலாலின் மாணவர் பியோஹர் ராம்மனோகர் சின்ஹா. அந்தப் பக்கத்தின் மூலையில் அவருடைய சிறு கையொப்பம் உண்டு. 1950 ஜனவரி 24-ஆம் தேதி உறுப்பினர்கள் கையொப்பமிட்ட மூலப் பிரதி, பிராணவாயு புகாத கண்ணாடிப் பேழையில் பாதுகாக்கப்படுகிறது.

அச்சிடும் பணி டேராடூனில் உள்ள இந்திய நில அளவைத் துறைக்குத் தரப்பட்டது. வரைபடங்களை வண்ணம் பிசகாமல் அச்சிட்டுப் பழகிய துறை அது. புகைப்படம் எடுத்துத் தகட்டில் ஏற்றி அச்சிடும் ஒளிக்கல்லச்சு முறையில் கையெழுத்தும் ஓவியமும் கையொப்பங்களும் அப்படியே பெயர்க்கப்பட்டன. பொன்னிறக் கரைகளும்கூட மங்காமல் வந்தன. அதன் பிறகு வந்த சட்டப் பதிப்புகள் எல்லாம் வழக்கறிஞர் மேசைக்காகத் தட்டச்சு எழுத்தில் அச்சானவை. அவற்றில் ஓவியங்களுக்கு வேலையில்லை. சட்டத் திருத்தங்கள் ஏற ஏறப் பழைய பதிப்பு 'காலாவதியான' நூல் ஆகிவிட்டது. காலாவதியான சட்டப் புத்தகத்துக்கு அலுவலகங்களில் என்ன கதி நேரும் என்பதைத் தலைமைச் செயலகத்தின் பின்வாசல்களைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நூலை அச்சிட்ட இயந்திரங்களின் கதை இன்னும் சுருக்கமானது. 'சாவரின்', 'மோனார்க்' என்ற பெயர் கொண்ட அந்த இரண்டு இயந்திரங்களும் இங்கிலாந்தின் கிராப்ட்ரீ நிறுவனம் தயாரித்தவை. தொழில்நுட்பம் பழையதாகிவிட்டது, பராமரிப்புச் செலவு அதிகம் என்ற காரணத்தால் அவை பிரித்தெடுக்கப்பட்டு, ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு எடைக்கணக்கில் பழைய இரும்பு வியாபாரியிடம் விற்கப்பட்டன என்ற செய்தி 2019-இல் நாளேடுகளில் வெளியாயிற்று. ஐந்தே ஆண்டுகளில், அதே இயந்திரத்தில் அச்சான ஒரே ஒரு பிரதி 32 மடங்கு விலைக்குப் போயிருக்கிறது.

வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இந்தப் பதிப்பின் ஒரு பிரதி இருக்கிறது. அதைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, உலகில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கும்படி அந்நூலகம் செய்துள்ளது. ஆக, மாநிலங்களவையில் எழுந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள விரும்பும் குடிமகனுக்கு வாஷிங்டன் பிரதி எளிதில் கிடைக்கிறது. தன் ஊர் நூலகத்தில் அதைத் தேடினால் கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை.

தில்லிக்கு வந்து சேரும் வழி

கலை நூல்களும் புகைப்பட நூல்களும் பழைய புத்தகச் சந்தைக்கு வருவதில் தில்லிக்கு ஒரு தனி இயல்பு உண்டு. கொல்கத்தாவின் காலேஜ் ஸ்ட்ரீட்டில் பாடநூல்கள் அதிகம். தலைநகரிலோ தூதரகங்கள் உள்ளன. அமைச்சகங்களும் அகாதெமிகளும் உள்ளன. மூன்று ஆண்டு பணிக்கு வந்து பெட்டி கட்டும் அயல்நாட்டு அதிகாரிகளும் செய்தியாளர்களும் உள்ளனர். பெட்டி கட்டும்போது முதலில் கழிக்கப்படுவது கனமான நூல்கள். ஓய்வு பெற்ற உயர் அதிகாரி இறந்த பிறகு தெற்கு தில்லி வீடு அடுக்குமாடிக்குக் கொடுக்கப்படும்போது, அவருடைய நூலகம் ஒரே நாளில் கபாடிவாலாவின் மிதிவண்டிக்கு ஏறுகிறது. நூலகங்கள் 'நீக்கப்பட்டது' என்று முத்திரையிட்டுக் கழிப்பவையும் அதே மிதிவண்டியில்தான் வருகின்றன.

இதில் ஒரு விநோதமும் உண்டு. ஓவியமும் புகைப்படமும் தெளிவாகப் பதிய வேண்டும் என்பதற்காகக் களிமண் பூச்சுக் கொடுத்த ஆர்ட் பேப்பரில்தான் இத்தகைய நூல்கள் அச்சிடப்படுகின்றன. சாதாரணத் தாளைவிட அது கனமானது. எனவே, எடைக்குப் போடுபவருக்கு நாவலைவிட ஓவிய நூல் கூடுதல் காசு தருகிறது. அரிய நூல் முதலில் அழிவதற்கு அதன் அழகே காரணமாகிவிடுகிறது. மழையில் நனைந்துவிட்டாலோ, பூச்சு இளகிப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் படம் உரிந்துவரும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பழைய ஓவிய நூலை வாங்குபவர்கள் அட்டையைப் பார்ப்பதற்கு முன் பக்கங்களின் ஓரத்தைத் தடவிப் பார்ப்பது இதனால்தான்.

தேர்ந்த சேகரிப்பாளர் நூலைக் கையில் எடுத்ததும் செய்யும் அடுத்த வேலை, படங்களை எண்ணுவது. முன்பக்கத்தில் உள்ள படப்பட்டியலோடு உள்ளே இருக்கும் படங்கள் ஒத்துப்போக வேண்டும். லலித் கலா அகாதெமியின் பழைய வெளியீடுகளிலும் அந்தக் காலத்து ஓவியத் தொகுப்புகளிலும் வண்ணப் படங்களைத் தனியாக அச்சிட்டுத் தாளில் ஒட்டியிருப்பார்கள். மேல் விளிம்பில் மட்டும் பசை இருக்கும். யாரோ ஒருவர் ஒரு படத்தைக் கிழித்துச் சட்டமிட்டு மாட்டியிருந்தால், நூலின் மதிப்பில் பெரும்பகுதி அந்தச் சட்டத்தோடு போய்விடும். மேலுறை இருக்கிறதா, நடுவில் தாள் வெட்டப்பட்ட தடம் தெரிகிறதா, வெள்ளிப்பூச்சி அரித்திருக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பிரித்து விற்பது சில்லறைத் திருட்டு மட்டுமல்ல, பெரிய வியாபாரமும்கூட. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் ஆகியோர் இந்தியாவைச் சுற்றி வந்து வரைந்த காட்சிகள் 1795-க்கும் 1808-க்கும் இடையே லண்டனில் 144 வண்ண அச்சுப்படங்களாக வெளியாயின. முழுத் தொகுதி அரிது. தனித்தனிப் படங்கள் மட்டும் உலகெங்கும் ஹோட்டல் வரவேற்பறைகளிலும் நிறுவன அதிபர்களின் அறைகளிலும் தொங்குகின்றன. ஒரு நூலை ஒரே விலைக்கு விற்பதைவிட நூற்றுக்கும் மேற்பட்ட படங்களாக விற்பது லாபம் என்பது வியாபாரக் கணக்கு. நூலாக இருந்தபோது எந்தப் படத்துக்குப் பின் எந்தப் படம், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் பயணம் என்ற வரிசையும் விளக்கமும் இருந்தன. சட்டத்துக்குள் போனபின் அது சுவர் அலங்காரம்.

அரசுகள் எடுத்த படங்கள்

இந்தியாவின் அரிய புகைப்பட நூல்களில் பலவும் அரசாங்கங்கள் பணம் கொடுத்துச் செய்தவை. எதற்காகச் செய்தன என்பதில்தான் அரசியல் இருக்கிறது.

சென்னை மாகாண அரசு 1856-இல் லினேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியை அரசுப் புகைப்படக்காரராக நியமித்தது. அவர் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் எனச் சுற்றி எடுத்த படங்கள் 1858-இல் தொகுதிகளாக வெளியிடப்பட்டன. தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக அவர் உருவாக்கியது, இன்றைய கருவிகளுடன் செய்தாலும் எளிதான வேலையல்ல. ஆனால், ஆளுநர் சார்லஸ் டிரெவல்யன் வந்ததும், அரசின் நிதிநிலைக்கு இது ஆடம்பரம் என்று கருதி அந்தப் பணிக்கு முற்றுப்புள்ளி வைத்தார். 2014-15-இல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் அருங்காட்சியகங்கள் டிரைப்பின் படங்களைக் கண்காட்சியாக வைத்தன. தஞ்சாவூரிலோ மதுரையிலோ இருப்பவர் அந்தத் தொகுதிகளைக் காண வேண்டுமானால் லண்டனுக்குத்தான் போக வேண்டும் என்ற நிலை, டிரெவல்யன் காலத்துச் சிக்கனத்தின் நீட்சி என்றே சொல்லலாம்.

1857 எழுச்சிக்குப் பிறகு ஆங்கிலேய அரசுக்கு வேறொரு தேவை வந்தது. ஆளப்படுபவர்கள் யார் யார் என்று தெரிந்துகொள்ளும் தேவை அது. கானிங் பிரபு காலத்தில் தொடங்கிய சேகரிப்பு, 'இந்திய மக்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக லண்டனில் வெளியாயிற்று. நானூற்றுக்கும் அதிகமான அசல் புகைப்படங்கள் தாள்களில் ஒட்டப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் சாதி, இனம், குணம் எனக் குறிப்பு எழுதப்பட்டது. விசுவாசமானவர்கள் இன்னார், நம்பத்தகாதவர்கள் இன்னார் என்ற தீர்ப்புகளும் அந்தக் குறிப்புகளில் உண்டு. அச்சான பிரதிகள் 200. பாதி அரசு அலுவலுக்கு, மீதி விற்பனைக்கு.

இந்த நூலை இந்தியர் ஒருவர் பார்த்தபோது என்ன நடந்தது என்பதற்குச் சான்று இருக்கிறது. அலிகர் இயக்கத்தின் நிறுவனர் சர் சையத் அகமது கான் 1869-இல் லண்டன் சென்றிருந்தார். இந்தியா அலுவலகத்தில் அவருடைய மகன் சையத் மஹ்மூத் இந்தத் தொகுதிகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அங்கு வந்த இளம் ஆங்கிலேயர் ஒருவர், நீங்கள் இந்துஸ்தானியா என்று கேட்டார். ஆம் என்று சொன்ன மஹ்மூதின் முகம் சிவந்தது. உடனே, தாம் இந்நாட்டின் பூர்வகுடி அல்லர், முன்னோர் வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டார். இதைப் பதிவு செய்தவர் தந்தையே. இந்தப் படங்களைப் பார்க்கும் ஆங்கிலேய அதிகாரி இந்தியரைப் பற்றி என்ன நினைப்பார் என்று அவர் வருந்தினார். மகனின் பதிலில் இருந்த அவலமும் அந்தப் பதிவில் தப்பாமல் இருக்கிறது. பின்னாளில் அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதியான ஒருவரையே தன் மக்களிடமிருந்து விலகி நிற்க வைத்த புத்தகம் அது. இன்று அதன் முழுத் தொகுதி உலக ஏலங்களில் எப்போதாவது வந்தால் பெரும் செய்தி.

மன்னராட்சிகளும் இதில் பின்தங்கவில்லை. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோன் 1947 இறுதியில் இந்தியா வந்தார். 1948 ஜனவரி 30-ஆம் தேதி காந்தி சுட்டுக் கொல்லப்படுவதற்குச் சற்று முன்பு அவரைச் சந்தித்ததும், இறுதி ஊர்வலத்தை அவர் எடுத்த படங்களும் உலகறிந்தவை. அதே ஆண்டு ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் செய்தித் துறை, அவர் எடுத்த படங்களைக் கொண்டு 'அழகிய ஜெய்ப்பூர்' என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூல் ஒன்றை வெளியிட்டது. பம்பாயில் டைம்ஸ் ஆஃப் இந்தியா அச்சகத்தில் அச்சானது. 1949 மார்ச் 30-ஆம் தேதி சமஸ்தானமே ராஜஸ்தானில் கரைந்துவிட்டது. வெளியிட்ட அரசு இல்லை, துறை இல்லை, மறுபதிப்புக்குக் கேட்க ஆளும் இல்லை. உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞரின் மிக அரிய நூல்களில் ஒன்றாக இந்த விளம்பரப் புத்தகம் மாறிப்போனது இப்படித்தான்.

சுதந்திரத்துக்குப் பிந்தைய நூல்களில் ரகுபீர் சிங்கின் நூல்களைத் தேடுவோர் அதிகம். கங்கை பற்றிய அவருடைய முதல் நூல் 1974-இல் ஹாங்காங்கில் வெளியாயிற்று. நேரு காலத்துத் தில்லியைப் படம் பிடித்த நாட்டின் முதல் பெண் செய்திப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா 1970-இல் கேமராவைக் கீழே வைத்தார். அவர் படங்களுக்கென விரிவான நூல் வந்தது 2006-இல்தான். முல்க் ராஜ் ஆனந்த் 1946-இல் தொடங்கிய 'மார்க்' இதழின் பழைய இதழ்களைத் தனித்தனியாகச் சேர்த்து வரிசையை நிரப்புவதே சிலருக்கு வாழ்நாள் வேலை. தேசிய அருங்காட்சியக இயக்குநராக இருந்த தமிழறிஞர் சி. சிவராமமூர்த்தியின் தென்னிந்திய ஓவியங்கள் (1968), நடராஜர் (1974) பற்றிய ஆங்கில நூல்களை அருங்காட்சியகமே வெளியிட்டது. தில்லிக்கு வரும் தமிழ்ச் சேகரிப்பாளர்கள் முதலில் கேட்பது இவற்றைத்தான்.

சோவியத் ஓவிய நூல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. லெனின்கிராடின் அரோரா பதிப்பகம் ஹெர்மிடேஜ், திரெத்யாகோவ் காட்சியகங்களின் ஓவியங்களைத் தரமான வண்ணத்தில் அச்சிட்டு மலிவு விலைக்கு உலகெங்கும் அனுப்பியது. நியூ செஞ்சுரி புத்தக நிலைய வாகனங்களில் சோவியத் நூல்களை வாங்கிய தலைமுறைக்கு அந்தத் தாளின் வாசம் நினைவிருக்கும். 1991-க்குப் பின் வரத்து நின்றது. ரெம்பிராண்டை முதன்முதலில் வண்ணத்தில் பார்த்தது மாஸ்கோ தயவில்தான் என்று சொல்லும் இந்தியர்கள், கட்சி வேறுபாடின்றி, இன்னும் இருக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

அச்சாகும் நூல்களைக் காக்க நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, ஒவ்வொரு பதிப்பாளரும் வெளியிட்ட 30 நாள்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட பிற பொது நூலகங்களுக்கும் தம் செலவில் பிரதி அனுப்ப வேண்டும். தேசிய நூலகத்துக்குப் போகும் பிரதி, வரைபடங்களும் சித்திரங்களும் அனைத்தும் கொண்டதாக, மிகச் சிறந்த பிரதியைப் போலவே வண்ணம் தீட்டியதாக இருக்க வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. கலை நூல்களை மனத்தில் வைத்தே எழுதிய வாசகம்போலத் தோன்றும். மீறினால் தண்டனை? 50 ரூபாய் வரை அபராதமும் நூலின் விலையும். அரசு வெளியீடுகளுக்கும் இச்சட்டம் பொருந்தும். ஆனால், அலுவலகப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று அச்சிட்டவற்றுக்குப் பொருந்தாது. அரசுத் துறைகள் விருந்தினர்களுக்கு வழங்கவென அச்சிடும் படத் தொகுப்புகளுக்கு இந்த விலக்கு எவ்வளவு வசதியானது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதைவிடப் பழையது 1867-ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம். அச்சாகும் நூல்களைக் கண்காணிக்க ஆங்கிலேயர் கொண்டுவந்த அந்தச் சட்டம், மாகாண அரசு ஒவ்வொன்றும் நூல்களின் பட்டியலைக் காலாண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று விதித்தது. கண்காணிப்புக்காகச் செய்த பட்டியல்கள் இன்று ஆய்வாளர்களுக்குப் புதையல். அச்சட்டத்துக்கு மாற்றாக வந்த 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்பில் நூல்கள் இல்லை. நாளிதழ், பருவ இதழ்களோடு அது நின்றுவிட்டது. 2023 டிசம்பர் 21-ஆம் தேதி மக்களவையில் அந்த மசோதா நிறைவேறியபோது எதிர்க்கட்சி இருக்கைகளில் பெரும்பாலானவை காலி. அந்தக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலுமாக 146 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தனர். நூல்களுக்கு வேறு அமைச்சகமும் வேறு சட்டமும் உண்டு என்பது அரசின் நிலை. அந்த வேறு சட்டம்தான் மேலே சொன்ன 50 ரூபாய்ச் சட்டம்.

தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் 1972-இல் வந்தது. 100 ஆண்டுகள் கடந்த கலைப்பொருளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகத் தனியாருக்கு அனுமதியில்லை. சுவடி, ஆவணங்களுக்கு 75 ஆண்டுகளே போதும். நந்தலால் போஸின் ஓவியங்கள் கலைக் கருவூலங்களாக அறிவிக்கப்பட்டிருப்பதால், அவையும் எல்லை தாண்ட முடியாது. ஆனால், அச்சிட்ட நூல் என்ற சொல் அந்த வரையறையில் தனியாக இடம்பெறவில்லை. நந்தலால் கையால் வரைந்த அஞ்சலட்டைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, அவர் படங்களைத் தாங்கிய ஆயிரம் பிரதிகளுக்குப் பெயர் சொல்லிக் கிடைக்கவில்லை.

நடைபாதையிலிருந்து வளாகத்துக்கு

1960-களிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் தரியாகஞ்ச் நடைபாதையில் விரிந்த புத்தகச் சந்தை, தில்லி கேட்டிலிருந்து நேதாஜி சுபாஷ் மார்க் வழியே நீண்டு கிடந்தது. அரும்பொருள் ஏலத்துக்குப் போகத் தகுதியான நூலும், கடந்த ஆண்டுப் போட்டித் தேர்வு வழிகாட்டியும் ஒரே தார்ப்பாயில் கிடக்கும். விற்பவருக்குப் பெரும்பாலும் வித்தியாசம் தெரியும். தெரியாத நாளில் வாங்குபவருக்கு யோகம். அரசு ஊழியரும் ஓவியக் கல்லூரி மாணவரும் சில நூறு ரூபாயில் நல்ல கலை நூல்களைச் சேர்க்க முடிந்தது இந்தச் சந்தையால்தான். ஏலக்கூடங்களில் அவர்களுக்கு இடமில்லை.

போக்குவரத்து நெரிசல் தொடர்பான தில்லி உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து, மாநகராட்சி 2019 ஜூலையில் சந்தையை மூடியது. 2014-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தெரு வியாபாரிகள் சட்டத்தின் அட்டவணையில், 50 ஆண்டுகளுக்கு மேல் இயங்கிவரும் இயல்பான சந்தைகளை மரபுச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும், அங்குள்ளோரை இடம்மாற்றக் கூடாது என்று இருக்கிறது. அந்த அறிவிப்பைப் பெறாமலே சந்தை காலி செய்யப்பட்டது. வாரத்தில் ஒரே நாள் வருமானத்தை நம்பியிருந்த இருநூற்றுக்கும் மேற்பட்ட வியாபாரிகள் இரண்டு மாதம் போராடிய பின், செப்டம்பரில் ஆசஃப் அலி சாலையில் உள்ள மகிளா ஹாட் வளாகம் ஒதுக்கப்பட்டது. 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு பழைய புத்தகக் கடைகள் சிதறிய சென்னையோடு ஒப்பிட்டால், தில்லி வியாபாரிகளுக்கு ஒரே இடமாவது மிஞ்சியது.

வளாகத்துக்குச் சுற்றுச்சுவர் உண்டு, வாகன ஆபத்து இல்லை. ஆனால், வேறு வேலையாகப் போகிறவர் தற்செயலாக நின்று ஒரு நூலைக் கையில் எடுப்பது இங்கே நடப்பதில்லை. தேடி வருபவர்கள் மட்டுமே வருகிறார்கள். கிலோ கணக்கில் விலை எழுதிய பலகைகள் அங்கே சகஜம். ஞாயிறு மாலை விற்காத நூல்கள் சாக்குகளில் கட்டப்பட்டுக் கிடங்குக்குப் போகின்றன. வாடகைக்குக் கட்டுப்படியாகாத கனமான சாக்குகள், வந்த வழியே பழைய பேப்பர் கடைக்குத் திரும்புகின்றன.